ஐந்தாவது நகல்

முன் அட்டையின் உட்பக்கம். ஜூலை 2

இந்த நோட்டில் மை பூசியிருக்கும் இடங்கள் நானே பூசியவை. காரணம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

இல்லத்தை நடத்தும் எஸ்தர் அம்மா இன்று ஒரு விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்தார்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பெண்கள் இல்லங்களுக்கு அரசு ‘பாதுகாப்பு மேம்பாட்டு மானியம்’ தருகிறதாம். சுற்றுச்சுவரை உயர்த்தலாம், இரும்புக் கதவு போடலாம், கேமரா வைக்கலாம், காவலர் அமர்த்தலாம். கடைசி நாள் பதின்மூன்றாம் தேதி.

“படம் வேற வரையணுமாம் சார். நீங்க இருக்கிற தைரியத்துல சரின்னு சொல்லிட்டேன்” என்றார்கள்.

தைரியம் என்ற சொல்லை என்னோடு சேர்த்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். என் மனைவி சிரித்த சிரிப்பில் தாளித்துக்கொண்டிருந்த கடுகு கருகிவிட்டது. “கேஸ மூடியாச்சான்னு நாலு தடவ எந்திரிச்சுப் பாக்கிற ஆளுல்லா நீங்க? பாதுகாப்புக்கு உங்கள விட்டா வேற யாரு?”

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வரைவாளராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி காலைகளில் இல்லத்தின் பதிவேடுகளை எழுதப் போகிறேன். வீட்டிலும் கணவனிடமும் அடிபட்டு ஓடிவந்த பதினொரு பெண்களும் நான்கு பிள்ளைகளும் இப்போது அங்கே இருக்கிறார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தெருக்காரர்களுக்கு அது தையல் பழகும் இடம். ████ தெரு, கதவு எண் ██.

ஜூன் 5, புதன்

அளந்தேன். ஓய்வு பெற்ற நாளில் அலுவலக நண்பர்கள் கொடுத்த தோல் உறை போட்ட முப்பது மீட்டர் டேப்பை எடுத்துப் போயிருந்தேன். மறுமுனையைப் பிடிக்கப் பவளம் வந்தாள். (இல்லத்துக்கு வரும் பெண்களுக்கு எஸ்தர் அம்மா வேறு பெயர் வைப்பது வழக்கம். சொந்தப் பெயர் பூட்டிய பதிவேட்டில் மட்டும் இருக்கும். பவளத்தின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை.) வயது இருபத்தெட்டு. நான்கு வயது மகளோடு மூன்று மாதமாக இருக்கிறாள். இடது காது சரியாகக் கேட்காது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

விண்ணப்பத்தின் நான்காம் பகுதி இப்படிக் கேட்கிறது: ‘தற்போதுள்ள பாதுகாப்புக் குறைபாடுகளை எண்ணிட்டு, இடவாரியாக வரைபடத்தில் காட்டவும். அதிக ஆபத்தில் உள்ளோர் தங்கும் அறையைத் தனியே குறிக்கவும்.’

நான் மூன்று குறைபாடுகளைக் கண்டுபிடித்தேன். மீதி எட்டையும் பவளம் சொன்னாள்.

“அந்தக் கொய்யா மரத்த எழுதிக்கிடுங்க சார். பக்கத்து மனையில நின்னாலும் கொப்பு நம்ம சுவத்து மேலதான கிடக்கு. அந்த ஆளு ஏறிருவான்.”

“கொய்யாக் கொப்பு ஒரு ஆளைத் தாங்குமாம்மா?”

“தாங்கும் சார். எங்க அம்மா வீட்டுல அதுலதான் வந்தான்.”

‘அந்த ஆளு’ என்றுதான் கணவனைச் சொல்கிறாள். பின்பக்கம் இரண்டு கதவுகள். ஒன்று அவள் படுக்கும் மூன்றாம் அறைக்கு, இன்னொன்று குளியலறை நடைக்கு. இரண்டுக்கும் பழைய நாதாங்கிதான். அதை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“நூல்ல சுருக்குப் போட்டு இடுக்கு வழியா விட்டா கொக்கி தானா மேல வரும். சத்தமே இருக்காது. நா முழிச்சுப் பாக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தான்.”

இதைச் சொல்லும்போது டேப்பின் முனையை அவள் அசையாமல் பிடித்திருந்தாள். அசைந்தது என் முனை. அளவு தவறிவிட்டது என்று சொல்லி இரண்டாம் முறை எடுத்தேன்.

ஜூன் 8, சனி

வரைகிறேன். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு. கண் மங்கல். செண்பகம் மேஜை விளக்கைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஜூன் 10, திங்கள்

படம் முடிந்தது. வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு இல்லத்தின் பெயர், தெரு, கதவு எண், நாள், வரைந்தவர் கையொப்பம். வலது மேல் மூலையில் வடக்குக் குறி. ஒன்று முதல் பதினொன்று வரை குறைபாடுகளுக்குச் சிவப்பு வட்டம். மூன்றாம் அறைக்குப் பச்சையில் கோடிட்டு, ‘கணவரால் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவரும் மகளும்’ என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வந்திருக்கிறது.

எஸ்தர் அம்மா படத்தை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார்கள். “இத்தன வருசமா இந்த வீட்டுல நிம்மதியாத் தூங்கினேன் சார். இனிமே தூங்குவேனான்னு தெரியல” என்றார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

நகல் எடுக்கப் பீர் முகமது பாய் கடைக்குப் போனேன். விண்ணப்பத்துக்கு நான்கு நகல் கேட்டிருக்கிறார்கள். நான் ஐந்து எடுக்கச் சொன்னேன். அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம் தலைமை எழுத்தர் சொல்லிக் கொடுத்த பழக்கம். எத்தனை கேட்டாலும் கோப்புக்கு ஒன்று கூடுதலாக எடுக்க வேண்டும். முப்பத்தாறு ஆண்டுகளில் ஒருநாளும் தவறியதில்லை.

“சார்வாள் கல்யாணப் பத்திரிகைக்கும் ஒண்ணு கூட எடுத்து வைப்பிய போல” என்றார் பாய்.

படம் பெரிய தாள். ஒருமுறை இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. பாய் மூடியைத் திறந்து இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். வெளியே பேருந்து ஒன்று விடாமல் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைவலி.

ஜூன் 13, வியாழன்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. முத்திரை வைத்த ரசீது வாங்கினேன். வெயில். மோர் குடித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று இல்லத்தில் கோப்பு நகலைத் தைத்து வைக்க எடுத்தேன். பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. நான்காவது இல்லை. நான்காவதுதான் படம்.

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேஜை இழுப்பறை, பதிவேடுகளின் இடுக்கு, குப்பைக்கூடை. மூலப்படம் இருக்கிறது. கொடுத்த நான்கு கட்டுகளில் ஒன்றில் இரண்டு படங்கள் சேர்ந்து போயிருக்க வேண்டும். ஆனால் கட்டுகளை நானே எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன்.

எஸ்தர் அம்மா, “என்ன தேடுதிய சார்?” என்று கேட்டார்கள். “மூக்குக் கண்ணாடி” என்றேன். அது மூக்கில்தான் இருந்தது. அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பவளம் வராந்தாவில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

மாலை பாய் கடைக்குப் போனேன். பூட்டியிருக்கிறது. பக்ரீத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாராம், செவ்வாய்தான் திறப்பாராம். பக்கத்து டீக்கடை ஆறுமுகம் சொன்னார். அப்போது அவர் ஒருவருக்கு வடை எடுத்துக் கொடுத்தார். வடைக்குக் கீழே இருந்த தாளில் யாருடைய ஆதார் அட்டையோ பாதி தெரிந்தது.

ஜூன் 15, சனி

பாய் கடையில் வீணாகும் தாள்கள் எங்கே போகின்றன என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.

காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை ஆறுமுகம் கடையில் இருந்தேன். ஐந்து வடை தின்றேன். ஒவ்வொன்றுக்கும் வந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். கல்லூரித் தேர்வுத்தாள், மருந்துச் சீட்டு, நில வில்லங்கம், மறுபடி தேர்வுத்தாள், வெறும் கறுப்பு. மற்றவர்கள் எறிந்த தாள்களையும் குனிந்து பார்த்தேன். லாரிக்காரர் ஒருவர் தன் பஜ்ஜியில் பாதியைப் பிய்த்து, “இந்தாங்க பெரியவரே” என்று நீட்டினார்.

செண்பகம் முகர்ந்து பார்த்தாள். “எண்ணெய் வாடை அடிக்கு. டாக்டர் சொன்னது மறந்து போச்சா? என்னத்துக்கு இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்கிய?”

வயிறு சரியில்லை என்றேன். அது பொய்யில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எஸ்தர் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். எண்ணை எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம். பிறகு ஓய்வெடுப்பார்கள்.

படம் கிடைத்துவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. முதலில் பாயிடம் கேட்பதுதான் முறை. உறுதி செய்யாத தகவலைச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துவது தவறு.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

இல்லத்துக்கு எதிரே ரேஷன் கடை. அதன் நிழலில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். கடை இன்று விடுமுறை. கட்டம் போட்ட சட்டை, முப்பத்தைந்து வயது இருக்கும். இல்லத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காலி மனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொய்யா மரத்தைப் பார்த்தானோ என்னவோ, பழத்தைப் பார்த்தானோ. நான் கேட்டைத் திறக்கும்போது, “இங்க தையல் வகுப்பா சார்?” என்று மரியாதையாகக் கேட்டான். ஆமாம் என்றேன். “பொம்பளைகளுக்கு மட்டுமா?” ஆமாம் என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

தெருவில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். வண்டி எண்ணை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கை ஓடவில்லை.

பையில் செப்புக் கம்பியும் குறடும் கொண்டு போயிருந்தேன். மூன்றாம் அறையின் பின்கதவு நாதாங்கியைக் கம்பியால் ஆறு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். கை வழுக்கிக் கட்டைவிரலில் ரத்தம். குளியலறை நடைக் கதவுக்குக் கம்பி போதவில்லை. அதைப் புதன்கிழமை செய்துகொள்ளலாம்.

நிமிர்ந்தால் பவளம் நிற்கிறாள்.

“யாரு சொல்லி சார் இதச் செய்யிதிய?”

“யாரும் சொல்லலம்மா. மானியம் வர நாளாகும்லா. சும்மா, அதுவரைக்கும்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

என் கட்டைவிரலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துணிக் கிழிசலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

பாய் வந்துவிட்டார். குர்பானி இறைச்சியும் நெய்ச்சோறும் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். நான் இடையில் புகுந்து கேட்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

“அந்தப் பெரிய தாளா? ஆமா, மாட்டிக்கிச்சே. ஒண்ணு ஓரம் கறுப்படிச்சு வந்துச்சு. நல்லா இல்லன்னு கீழ போட்டுட்டேன். மறுபடி எடுத்தேன்லா?”

“மறுபடி எடுத்தது நாலுதான் வந்திருக்கு பாய்.”

“அப்படியா? அப்போ எண்ணிக்கையில விட்டுப்போச்சு. இப்போ ஒண்ணு எடுத்துத் தாரேன், இதுக்கா இப்படி வேர்க்கு உங்களுக்கு?”

“கீழ போட்டது எங்க?”

“அதா? வேஸ்ட்டெல்லாம் வியாழக்கிழம வியாழக்கிழம ஆறுமுகத்துக்குக் கொடுத்துருவேன். என்ன சார், உக்காருங்க. தண்ணி குடிங்க.”

ஆறுமுகம் தாள்களை நான்காகக் கிழித்து ஒரு கம்பியில் குத்தி வைப்பார். எனக்காகக் கம்பி முழுவதையும் உருவிக் கொடுத்தார். நூற்றுக்கும் மேல் இருந்தன. கடைசியில் ஒன்று கிடைத்தது. வலது மேல் கால்பாகம். வடக்குக் குறி, கொய்யா மரம், என் கையெழுத்தில் ‘4’ என்ற எண்ணும் வட்டமும்.

“மீதி மூணு துண்டும் எங்க ஆறுமுகம்?”

“அது யாரு வயித்துக்குள்ள போச்சோ சார், வடையோட.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று துண்டுகளும் எண்ணெயில் ஊறிச் சாக்கடையில் கிடக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அப்படித்தான். வலது கீழ்த் துண்டில் முகவரி. இடது மேல்துண்டில் மூன்றாம் அறை.

ஜூன் 19, புதன்

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். என்ன சொல்வதென்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். ஐந்து வரி.

எஸ்தர் அம்மா தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பேசிக்கொண்டே, “எங்க கோமதிநாயகம் சார்தான் எல்லாம் செஞ்சு கொடுத்தாக. அவுக இல்லன்னா இந்த விண்ணப்பமே இல்ல. அவ்வளவு கவனமான மனுசன்” என்று சொன்னார்கள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தலைசுற்றுகிறது என்று சைகை காட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சமையல்காரி புஷ்பம் வாசல்வரை குடை பிடித்துக்கொண்டு வந்தாள். “சார் ஒரு வாரமா ஆளே சரியில்ல. பவளமும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தா.”

“பவளம் என்ன சொன்னா?”

“ஒண்ணும் இல்ல. சார் எதப் பாக்காகன்னு பாத்துக்கிட்டே இருக்கா.”

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் செப்புக் கம்பி அப்படியே இருக்கிறது. நடைக் கதவுக்கு வாங்கிய கம்பி. அதைக் கட்ட மறந்துவிட்டேன். திரும்பிப் போகலாம் என்று எழுந்தேன். திரும்பிப் போனால் ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை.

ஜூன் 20, வியாழன்

காலை ஆறே முக்காலுக்கு எஸ்தர் அம்மாவிடமிருந்து அழைப்பு. “சார், கொஞ்சம் வாங்க.” அவ்வளவுதான். குரலில் எதுவும் இல்லை. ஆட்டோவில் போனேன்.

குளியலறை நடைக் கதவு திறந்து கிடந்தது. நாதாங்கி மேலே தூக்கியிருந்தது. அதில் வெள்ளை நூல் ஒன்று சுருக்கோடு தொங்கியது. கொய்யா மரத்தடியிலிருந்து ஈர மண் தடம் நடை வழியாக வந்து, இரண்டு அறைகளைத் தாண்டி, வேறெங்கும் திரும்பாமல் நேராக மூன்றாம் அறைக்குள் போயிருந்தது. உள்ளே பாய் விரித்தபடி இருந்தது. யாரும் படுத்திருந்த சுருக்கம் அதில் இல்லை. பாய்க்குப் பக்கத்தில் பிள்ளையின் செருப்பு ஒன்று இருந்தது. இன்னொன்றைக் காணோம்.

“கதவு சத்தம் கேட்டுச்சு” என்றாள் புஷ்பம். “நம்ம பிள்ளைகள்ல யாரோ பாத்ரூம் போகுதுன்னு நெனச்சு திரும்பிப் படுத்துட்டேன்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பவளம் சமையலறையில் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். திங்கள்கிழமையிலிருந்து அவள் மூன்றாம் அறையில் படுக்கவில்லையாம். பாயை மட்டும் அங்கே விரித்துவிட்டு, மளிகைச் சாமான் வைக்கும் அறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், உள்பக்கம் அண்டாவை நகர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

“ஏன் திங்கள்கிழமையிலிருந்து?” என்று எஸ்தர் அம்மா கேட்டார்கள்.

பவளம் என்னைப் பார்த்தாள்.

அப்போது சொன்னேன். எழுதி வைத்திருந்த ஐந்து வரியும் நினைவுக்கு வரவில்லை. ஐந்தாவது நகல் என்றேன், பாய் கடை என்றேன், வடை என்றேன். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த கால்பாகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். என் பேச்சு எனக்கே விளங்கவில்லை. அவர்களுக்கு விளங்கிவிட்டது.

எஸ்தர் அம்மா சத்தம் போடவில்லை. “எப்ப தெரியும் சார்?”

“வெள்ளிக்கிழமை.”

“இன்னைக்கு வியாழன்.” விரல் விட்டு எண்ணினார்கள். “ஆறு நாளு. ஆறு நாளும் இந்தப் பிள்ளைகளோட நானும் உள்ளதான படுத்திருந்தேன்.”

நான் நின்றுகொண்டிருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பிறகு பவளம் பேசினாள். “நானும் ஒண்ணு சொல்லணும்மா. பதினொண்ணாந் தேதி புஷ்பம் அக்கா போன்ல எங்க அம்மாகிட்டப் பேசினேன். பேசக்கூடாதுன்னு தெரியும். பாப்பா பிடுங்கி, கொய்யா மரம் தெரியிற ரூம்ல படுக்கோம், பழம் பறிப்போம்னு சொல்லிருச்சு. அம்மாவ மெரட்டி அந்த ஆளு வாங்கியிருக்கலாம். அவன் எதுல வந்தான்னு யாருக்குத் தெரியும்?”

அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அப்படியானால் படம் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் நான் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பெண் உயிர் தப்பி உட்கார்ந்திருக்கும் இடத்தில், என் மனம் முதலில் போய் நின்றது அங்கேதான். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

தெருவின் பெயரைக் குழந்தை சொல்லியிருக்க முடியாது. அதற்கு அது தெரியாது. இதையும் எழுதுகிறேன்.

காவல் நிலையத்திலிருந்து இருவர் வந்து நூலைக் கவரில் போட்டு எடுத்துப் போனார்கள். மதியம் ஒரு கார் வந்தது. பவளத்தையும் மகளையும் வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். ஒரு துணிப்பை, ஒரு வாளி. பிள்ளை வெறுங்காலோடு இருந்தது.

ஏறுவதற்கு முன் பவளம் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

“சார், அன்னைக்குக் கம்பி கட்டும்போது உங்க கை நடுங்குச்சுல்லா. அத வச்சுத்தான் இடத்த மாத்தினேன். பயந்தவங்க கைய எனக்குத் தெரியும். நீங்க வாயால சொல்லியிருந்தா எல்லாருமே முழிச்சு இருந்திருப்போம்.”

“மன்னிச்சுக்கோம்மா” என்றேன்.

“அந்த டேப்பத் தருவியளா?” என்று கேட்டாள். “போற இடத்துல கதவு, சன்னல், சுவரு எல்லாம் நானே அளந்து பாத்துக்கிடுதேன். எழுதி வைக்க மாட்டேன். மனசுல வச்சுக்கிடுவேன்.”

கொடுத்தேன்.

எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை. கார் முனை திரும்பும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஜூன் 21, வெள்ளி

போகவில்லை. செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தாகளா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

பதவியை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதி எடுத்துப் போனேன். எஸ்தர் அம்மா அதைப் பிரிக்கவில்லை. “சாவிய மட்டும் கொடுத்துட்டுப் போங்க” என்றார்கள். கொடுத்தேன். வாசலைத் தாண்டும்போது, “வியாழக்கிழம மானியத்துக்கு ஆய்வுக்கு வாராக. படம் உங்களோடது. நீங்கதான் விளக்கணும். வாங்க” என்றார்கள். சார் என்று சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

ஆய்வு அலுவலர் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொரு சிவப்பு வட்டத்துக்கும் என்னை அழைத்துப் போனார். பழைய இடங்கள்தான், ஆனால் என் கால்கள் மூன்றாம் அறை வாசலில் நின்றுவிட்டன.

“ஆறு மாசத்துக்குள்ள சம்பவம் நடந்த இல்லங்களுக்கு முன்னுரிமை இருக்கு. இருபதாந் தேதி நடந்தத எழுதிக் கொடுத்தீங்கன்னா சீக்கிரம் கிடைச்சிரும்” என்றார். எஸ்தர் அம்மா தாளை என்னிடம் தள்ளினார்கள்.

எழுதினேன். எப்படி வந்திருக்கலாம் என்ற இடத்தில் இரண்டு வழிகளையும் எழுதினேன். நான் எடுத்த கூடுதல் நகல், தொலைந்த நாள், நான் சொல்லாமல் இருந்த நாட்கள், கம்பி கட்டாமல் விட்ட கதவு. அலுவலர் படித்துவிட்டுத் தயங்கினார்.

“இதெல்லாம் வேணுமா சார்? உங்க இல்லத்து மேலேயே குற ஆயிரும். பூட்டு சரியில்லன்னு மட்டும் எழுதினாப் போதும்.”

பேனாவை மூடவில்லை. எஸ்தர் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“பூட்டு மாத்துனா இது சரியாகாதுங்க ஐயா” என்றேன். கையெழுத்துப் போட்டேன். படத்தில் பதினொன்றுக்குக் கீழே ‘12’ என்று எழுதினேன். நான் உட்காரும் மேஜையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன்.

“நகல் எடுக்கணுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம். இது ஒண்ணுதான்.”

ஜூலை 2, செவ்வாய்

மானியம் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. கொய்யா மரத்தை வெட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தேன். புஷ்பம் வந்து பார்த்துவிட்டுத் திறந்தாள். அந்த ஆள் இன்னும் பிடிபடவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் பேசிக்கொண்டிருப்பது நின்றுபோகிறது.

இன்று இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் தேதியிலேயே தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டும் என்று எழுதவில்லை, கை தானாக எழுதியிருக்கிறது. இதுவும் ஒரு கூடுதல் நகல்தான். படம் வரையும் பழைய இந்திய மையைத் தேடி எடுத்து அந்த இடங்களில் பூசினேன். காய்ந்த பிறகு பின்பக்கம் தெரிகிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்தேன். லேசாகத் தெரிந்தது. இன்னொரு முறை பூசினேன்.

கேஸை இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை எழுந்தபோது, “நா பாத்துட்டேன், உக்காருங்க” என்றாள் செண்பகம். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு என்ன அளவு செருப்பு இருக்கும்?” என்று கேட்டாள். ஒற்றைச் செருப்பை நான் அளந்திருந்தேன். பதினாறு சென்டிமீட்டர். ஆனால் அனுப்ப முகவரி இல்லை.

யாராவது என்னை மிரட்டிக் கேட்டால் நான் சொல்லிவிடக்கூடியவன். எழுபத்திரண்டு வயதில் என்னைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால், என் டேப் இப்போது எந்த ஊரில், எந்தக் கதவுக்கும் எந்தச் சுவருக்கும் இடையில் விரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.